ஏரிக் கதையைக் கூத்தாக ஆடலாமா? ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு முயற்சி, யோசனை சொல்லுங்கள்

வடக்குமதகு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் நடுவே. திரௌபதி அம்மன் கோயிலில் கடைசியாகப் பாரத விழா வைத்து ஏழு வருஷம் ஆகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மதியத்தில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்லுவார். அன்றைக்கு அவர் சொன்ன இடத்தையே ராத்திரி கூத்தாடுவார்கள். பத்து ராத்திரி நடக்கும். கடைசி நாள் காலையில் துரியோதனன் விழுகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. இப்போது பணமும் சேரவில்லை, ஆளும் சேரவில்லை.

இந்த ஆடியில் ஒரே ஒரு ராத்திரியாவது ஏதாவது செய்யலாம் என்று நாங்கள் சிலர் பேசினோம். பாரதக் கதையை ஒரு ராத்திரிக்குள் அடக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஊர் ஏரிக் கதையை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். என் ஆயா சொன்ன கதை இது. ஒரு ஐப்பசி மழையில் ஏரி நிரம்பித் தளும்புகிறது. அதிகத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலில், கற்களுக்கு நடுவில் மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, அதிகத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துவிடலாம் என்று, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி சொல்கிறார். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று பயிர்க்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். நடு ராத்திரியில் நீர்க்கட்டி தனியாகப் போய் அடைப்பைப் பிரிக்கிறார். கரை தப்பித்தது. அவர் திரும்பி வரவில்லை. கலங்கல் பக்கத்தில் ஒரு கல் நட்டு இன்றும் பொங்கலன்று பூ வைக்கிறோம். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பதினான்கு பேர் ஊரிலிருந்து, எட்டுப் பேர் காலனியிலிருந்து. பதினொரு பெண் பிள்ளைகள். யாருக்கும் அடவு (ஆட்டத்தில் கால் வைக்கும் முறை) தெரியாது. கூத்து முறையில் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

---

விடியவிடிய

தம்பி, உங்கள் ஆசை நல்லது. ஆனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். நாட்டுப்புறக் கலையைத் தழுவியது என்று சொல்லி நகரத்தில் போடும் நிகழ்ச்சிகள் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருப்பார்கள். ரெண்டு அடவு, ஒரு பறை, நடுவில் கொஞ்சம் ஓலம், நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். கூத்தின் உடம்பை எடுத்துக்கொண்டு ராத்திரியை விட்டுவிடுகிறார்கள்.

கூத்துக்கு ராத்திரி முழுக்க வேண்டும். பத்தரை மணிக்குக் கதையைத் தொடங்கிவைக்கிற கட்டியக்காரன் வரும்போது குழந்தைகள் விழித்திருக்கும். ஒரு மணிக்கு அதெல்லாம் பாயில் தூங்கிவிடும், கிழவிகள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். நாலு மணிக்குக் குளிரில் எல்லாரும் மறுபடி எழுந்து நெருங்கி உட்காரும்போதுதான் கதை உச்சத்துக்கு வரும். அர்ஜுனன் தபசில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே மரம் ஏறுவார்கள். மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் விழும்போது முந்தானை ஏந்துகிற பெண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி முழுக்கக் காத்திருந்த முகம் அது. அதை ஒரு மணி நேரத்தில் வரவழைக்க முடியாது.

---

முகவீணை

நான் ஜமாவில் (கூத்துக் குழுவில்) இருக்கிறவன். எங்கப்பா கூத்து வாத்தியாராக இருந்தவர். விடியவிடிய ஐயா சொல்கிற முகத்தை நான் ஆடுகிற களரியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஆனால் புதுக்கதை ஆடக்கூடாது என்று கூத்தில் சட்டம் கிடையாது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை ஜமா பாரதம் ஆடுகிற அதே கையோடு வெளிநாட்டு எழுத்தாளர்களான மார்க்வெஸ் கதையையும் பிரெக்ட் நாடகத்தையும் கூத்தாக ஆடியது. புரிசை வாத்தியார் கண்ணப்ப தம்பிரான் காலத்திலேயே, ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு ஆட்களுக்குப் புரிசையார் அடவு சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் கூத்து கெட்டுப்போகவில்லை. புரிசையில் இன்றைக்கும் பாரதம்தான் ஆடுகிறார்கள்.

வடக்குமதகு தம்பிக்கு என் யோசனை. அடவிலிருந்து தொடங்காதே. தாளத்திலிருந்து தொடங்கு. முதல் பத்து நாள் பிள்ளைகள் கையில் தாளத்தைக் கொடுத்து, ஒருத்தர் ஒரு வரி பாட மற்றவர்கள் பின்பாட்டு வாங்கட்டும். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்றுதான் நாங்கள் மேல் சுருதியில் பாடுகிறோம். பிள்ளைகளுக்கு அந்தச் சுருதி இயல்பாகவே இருக்கும், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். குரல் திறந்துவிட்டால் கால் தானாகப் பின்னால் வரும். மாற்றிச் செய்தால் பிள்ளை காலையே பார்த்துக்கொண்டு வாய் மூடி நிற்கும்.

இரண்டாவது, கதையில் சண்டையைத் தேடாதே, தர்க்கத்தைத் தேடு. கூத்தில் ஜனம் எதற்குக் கைதட்டும் தெரியுமா? பொன்னுருவியும் கர்ணனும் வாய்க்கு வாய் பாட்டில் வாதாடுகிற இடத்துக்கு. உன் கதையிலும் அது இருக்கிறது. தண்ணீரைத் தேக்கு என்கிறவனும் பொய் சொல்லவில்லை, திறந்துவிடு என்கிறவனும் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தை முக்கால் மணி நேரம் ஆடலாம்.

---

வடக்குமதகு

அண்ணே, ரொம்ப நன்றி. தர்க்கம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கதையே வேறு மாதிரித் தெரிகிறது. ஆயா சொன்னபோது பயிர்க்காரர்களை வில்லன்களாகத்தான் நினைத்திருந்தேன். என் தாத்தாவும் அந்தப் பயிர்க்காரர்களில் ஒருத்தராகத்தான் இருந்திருப்பார்.

எனக்கு ஒரு எண்ணம் தோன்றுகிறது. நீர்க்கட்டியையே கட்டியக்காரன் ஆக்கிவிடலாமா? கட்டியக்காரன் ராஜாவோடும் பேசுவான், ஜனத்தோடும் பேசுவான். நேற்றைய கதையையும் இன்றைய விலைவாசியையும் ஒரே மூச்சில் சொல்லுவான். நீர்க்கட்டியும் அப்படி எல்லா வயலுக்கும் போகிறவர்தானே?

---

மட்டுநகரான்

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். உங்கட களரி வேறு, எங்கட களரி வேறு. எங்களுக்கு வட்டக்களரி, சுற்றிவர சனம் இருக்கும். வடமோடி, தென்மோடி என்று ரெண்டு மரபு. ஆனாலும் நீங்கள் கதைக்கிற விஷயத்தை எங்கட ஆட்கள் அறுபது வருஷமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதத் தோன்றியது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து விடியவிடிய ஆடிய கூத்தை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன். கூத்து என்றால் படிக்காத சனத்தின் ஆட்டம் என்று நினைத்த நகரத்து ஆட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். அது பெரிய காரியம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூத்து மேடைக்கு ஏறினபோது சனம் ஒரு பக்கம் ஆகிவிட்டது. வட்டத்தில் எதிர்ப்பக்கம் இருக்கிற ஆளின்ட முகம் தெரியும். மேடையில் முன்னால் இருக்கிறவரின் பிடரிதான் தெரியும்.

பிறகு சி. ஜெயசங்கர் போன்றவர்கள் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்று வேறு வழி பிடித்தார்கள். ஊருக்குள்ளேயே, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரோடும் கூத்தர்களோடும் இருந்து, கூத்துப் பாட்டு எழுதிவைத்த பழைய கொப்பியில் பெண்ணையும் சாதியையும் இழிவுசெய்கிற வரிகளை எல்லாரும் சேர்ந்து விவாதித்து மாற்றி, பிறகு களரியில் ஆடினார்கள். நேரத்தைச் சுருக்குகிறதா இல்லையா என்பது அங்கே முதல் கேள்வி இல்லை. யார் கூடி முடிவெடுக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்று. எங்கட ஊரில் ஒரு கூத்துக்கு மாதக்கணக்கில் பழகுவார்கள். சட்டம் கொடுக்கிறதே ஒரு விழா. அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று கொப்பியைக் கையில் கொடுப்பார். பிறகு கிழமைக்கூத்து, சதங்கை அணி, அடுக்குப் பார்த்தல் என்று பழக்கத்தின் ஒவ்வொரு படியாகப் போய், கடைசியில் அரங்கேற்றம். அதுவும் முடிந்த பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். நீங்கள் ஆடுகிறது ஒரு ராத்திரியாக இருக்கலாம். பழகுகிற மாதங்களை ஊர் பார்க்கட்டும். தெருவில் வைத்துப் பழக்குங்கள். வேலை முடிந்து வருகிற சனம் நின்று பார்க்கும், தாளம் பிழைத்தால் சொல்லும். விடியவிடிய ஐயா கேட்கிற அந்தக் காத்திருப்பு அங்கே உண்டாகும்.

---

விடியவிடிய

மட்டுநகரான் ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். காத்திருப்பு பழகும் மாதங்களிலேயே உண்டாகும் என்பது எனக்குத் தோன்றாத விஷயம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேடை வேண்டாம் என்பதை மட்டும் விடமாட்டேன். தரையில் ஆடட்டும். மூன்று பக்கம் ஜனம், பின்னால் வாத்தியக்காரர்கள் பெஞ்சு. அவ்வளவு போதும்.

---

நீர்க்கட்டி பேரன்

இந்த இழையை ரெண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா நீர்க்கட்டி. உங்கள் ஊர் இல்லை, பாலாற்றுப் பக்கம். ராத்திரியில் மண்வெட்டியும் லாந்தரும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகப் போவார். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவருக்கு மனப்பாடம். அறுப்பு முடிந்தால் களத்தில் அவர் பங்கு நெல். அதை வாங்கக் களத்து ஓரத்தில் நிற்பார், உள்ளே வரமாட்டார், வரவிடமாட்டார்கள். ஏரி மதகின் சாவியை நம்பிக் கொடுத்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை.

வடக்குமதகு தோழரே, உங்கள் மனசு நல்ல மனசு என்று தெரிகிறது. ஆனால் அவரைக் கட்டியக்காரன் ஆக்காதீர்கள். கட்டியக்காரன் பெரிய வேஷம் என்று கூத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் களரிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு அவன் சிரிக்கவைக்கிறவன். எங்கள் ஆட்கள் வேஷம் என்றால் சிரிப்பு வேஷம் என்று எவ்வளவு காலமாக இருக்கிறது. ஊரைக் காப்பாற்றிச் செத்தவரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடவிட வேண்டுமா?

இன்னொரு விஷயம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். காலனியில் கேட்டீர்களா?

---

வடக்குமதகு

கேட்கவில்லை. எட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து தினம் வருகிறார்கள், அவர்களிடம்கூடக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது உறைக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, போகிறேன்.

---

முகவீணை

பேரன் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் கட்டியக்காரன் வேஷம் கட்டியிருக்கிறேன். அந்த வேஷத்தின்மேல் எனக்கு உயிர். ஆனாலும் தம்பி சொல்வதுதான் சரி.

இப்படிச் செய்யலாம். திரை வருகைதான் கூத்தில் பெரிய மரியாதை. ரெண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, பின்னாலிருந்து விருத்தம் கேட்கும். யார் வருகிறார் என்று ஜனம் எட்டி எட்டிப் பார்க்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். துரியோதனன் வருவான், கர்ணன் வருவான். கட்டியக்காரன் போய், ஐயா தாங்கள் யார், எந்த தேசம், பெயர் என்ன என்று பணிந்து கேட்பான். அதற்குப் பிறகுதான் திரை விலகும்.

நீர்க்கட்டிக்குத் திரை போடு. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி ஒட்டின புஜகீர்த்தியும் (தோள் அணி) மார்பதக்கமும் கட்டு. எங்கள் ஜமாவில் பழைய ஜோடி ஒன்று இருக்கிறது, பிள்ளை தோளுக்குச் சேரும், நான் தருகிறேன். கிரீடம் வேண்டுமா, தலைப்பாகை போதுமா என்பதைக் காலனிப் பெரியவர்களைக் கேட்டு முடிவு பண்ணு. பயிர்க்காரர்கள் பக்கம் பேசுகிற மணியக்காரர் வேஷத்துக்குத் திரை கிடையாது, அவர் சும்மா நடந்து வரட்டும். கட்டியக்காரன் நீர்க்கட்டியிடம் பணிந்து பெயர் கேட்கட்டும்.

அரிதாரம் பூச ஒரு நாள் வருகிறேன். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கோடு போடப் பொறுமை வேண்டும். பிள்ளைகளே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எழுதப் பழகிக்கொள்ளட்டும்.

---

தாளக்காரி

அண்ணா, பெண் பிள்ளைகள் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நான் கூத்துப் படித்தவள், மேடையும் களரியும் ஆடியிருக்கிறேன். காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூனும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் 2002 முதல் 2020 வரை பெண் பிள்ளைகளும் பள்ளிப்படிப்போடு முழுக் கூத்தும் கற்றார்கள். அதுவரை பெரும்பாலும் திரௌபதி வேஷத்தையே ஆண்தான் கட்டினார். அந்தக் குருகுலத்துப் பெண்கள் துரியோதனன் கட்டியதைப் பார்த்தவர்கள், பெண்ணுக்கு, மரக்கட்டை அணிகள் கட்டுகிற கட்டை வேஷம் கனம் என்று இனிமேல் சொல்லமாட்டார்கள்.

உங்கள் பதினொரு பேரையும் அழுகிற மனைவி, தண்ணீர் எடுக்கிற பெண்கள் என்று கும்பலில் போட்டுவிடாதீர்கள். ஏரியை ஒரு வேஷமாக்கலாம். ஒரு பிள்ளை ஏரியாக வரட்டும், ராத்திரி ஏற ஏற இன்னொரு பிள்ளை, இன்னொரு பிள்ளை என்று பதினொரு பேரும் ஏரி ஆகட்டும். ஒரே அடவு, ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் பெரிதாகட்டும். கரை எவ்வளவு தாங்கும் என்று உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு உடம்பில் தெரியும், ஏனென்றால் ஏரி அவர்கள் காலடி வரைக்கும் வந்துவிடும், கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

சலங்கை பற்றி ஒரு வார்த்தை. முதல் மாதம் கட்டாதீர்கள். சத்தம் வந்துவிட்டால் கால் சரியாக விழுகிறதா என்று பிள்ளைக்கே தெரியாமல் போய்விடும். கட்டும்போது தோலுக்கும் சலங்கைக்கும் நடுவே துணி சுற்றுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் புண்ணோடு வருவார்கள், மூன்றாம் நாள் வரமாட்டார்கள்.

---

மட்டுநகரான்

ஏரியாக வருகிற பிள்ளைகள் பற்றித் தங்கச்சி எழுதினதை வாசிக்க மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கேள்வி. நீர்க்கட்டி இறந்த பிறகு என்ன ஆடப்போகிறீர்கள்? அந்த இடத்தில் கூத்தை முடிக்கிறதா?

---

முகவீணை

நல்ல கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் இறந்தால் கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம் ஆடுவார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். கர்ணன் விழும்போது அந்த வீட்டு அம்மா அழுவாள், கர்ணனுக்காக அழுகிறாளா புருஷனுக்காக அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. உன் கதைக்கு முடிவை அங்கே தேடு. நீர்க்கட்டிக்குக் கருமாதி நடந்ததா என்று யாருக்கும் தெரியாதே. ஒரு மோட்ச விருத்தம் பாடுங்கள். நான் எழுதித் தர முயற்சி செய்கிறேன், ஆனால் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் மோட்ச விருத்தம் பாட முடியாது.

---

வடக்குமதகு

ஒரு வாரம் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். நம் பிள்ளைகளில் ஒருத்தியின் கொள்ளுப்பாட்டி இருக்கிறார், கண் சரியாகத் தெரியாது. ஏரிக் கதையைக் கேட்கிறேன் என்றதும், எந்த ஐப்பசி என்று கேட்டார். பெயர் கேட்டேன். உடனே சொன்னார். அவர் பெயர், அவர் மனைவி பெயர், அன்றைக்கு வீட்டில் இருந்த கைக்குழந்தையின் பெயர், மூன்றையும் சொன்னார். அந்தக் கைக்குழந்தை இவருடைய மாமியார். நான் இருபது அடி தூரத்தில் வளர்ந்தவன். இத்தனை வருஷமாகக் கல்லுக்குப் பூ வைத்தவன்.

கதையிலும் ஒரு திருத்தம் சொன்னார். அவர் தனியாகப் போகவில்லையாம். மனைவி லாந்தர் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறார். எங்கள் தெருக் கதையில் அந்த அம்மா இல்லவே இல்லை. எனவே தாளக்காரி அக்கா, லாந்தர் வேஷம் ஒன்று பெரிதாக வருகிறது. ஏரி வட்டம் பெரிதாகப் பெரிதாக அந்த லாந்தர் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

கிரீடமா தலைப்பாகையா என்று அவரிடமே கேட்டேன். தலைப்பாகை, ஆனால் புதுத்துணி என்றார்.

எங்கே ஆடுவது என்பதில் கோயில் நிர்வாகத்தோடு ரெண்டு கூட்டம் நடந்தது. கோயில் எதிரே என்றால் காலனியிலிருந்து கிழவிகள் வந்து உட்காரமாட்டார்கள், உட்கார்ந்தாலும் ஓரத்தில்தான் உட்காருவார்கள். காலனிக்குள் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் கலங்கல் பக்கத்து மேட்டில், அந்தக் கல்லுக்கு முன்னால் என்று முடிவாகியிருக்கிறது. ரெண்டு பக்கத்திலிருந்தும் நடக்கிற தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். பெஞ்சு, நாற்காலி எதுவும் போடுவதில்லை. எல்லாரும் தரையில்.

பழக்கம் இப்போது சாயங்காலம் ஆறரைக்கு, கலங்கலிலேயே. பின்பாட்டு நன்றாக வருகிறது. நேற்று மாடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருத்தர் நின்று, மணியக்காரர் பக்கத்துத் தர்க்கம் சோடையாக இருக்கிறது என்று சொல்லி, பழைய நாளில் தண்ணீர்ச் சண்டையில் பேசுகிற நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். எழுதிக்கொண்டோம்.

முகவீணை அண்ணே, பெயரைத் தனியாக அனுப்புகிறேன், இங்கே எழுதவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து விருத்தத்தில் வரும்போதுதான் அதைக் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் ஊரில் யாரும் சொல்லக் கூடாது என்று பாட்டி கேட்டுக்கொண்டார். முன்வரிசையில் அவருக்குப் பாய் போடுகிறோம்.

முகவீணை ஊத ஒருத்தர், மிருதங்கத்துக்கு ஒருத்தர் வேண்டும். தாம்பூலம் வைத்து முன்பணத்தோடு முறையாக அழைக்கிறோம். தேதி, ஆடி மூன்றாவது வெள்ளி.

---

முகவீணை

முகவீணைக்கு ஆள் தேடாதே. நான் வருகிறேன். மிருதங்கத்துக்கு என் மச்சான். பெயரை அனுப்பு, விருத்தத்தை மோகனத்தில் வைக்கலாமா முகாரியில் வைக்கலாமா என்று அதன் எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

---

நீர்க்கட்டி பேரன்

ஆடி மூன்றாவது வெள்ளிக்கு வருகிறேன். அம்மாவையும் அழைத்து வருகிறேன். தாத்தாவின் லாந்தர் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கண்ணாடி உடைந்திருக்கிறது, மாற்றிக் கொண்டுவரட்டுமா?